பழசே இருக்கட்டும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தது. பொத்தானை அமுக்கினால் முதலில் ஒரு பெருமூச்சு விடும். பிறகு உள்ளே இருக்கும் காற்றாடி சுற்றத் தொடங்கும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறதா என்று வந்தவர்கள் கேட்கும் அளவுக்குச் சத்தம். நான் பல் தேய்த்து, டீ போட்டு, அதைக் குடித்தும் முடித்து வந்து பார்த்தால், 'சற்றுப் பொறுங்கள்' என்று திரையில் நிற்கும். பொறுத்துப் பொறுத்துத்தான் இந்த வயதுக்கு வந்திருக்கிறேன், இதுவும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டுமா என்று எரிச்சல் வரும்.

இதை மாற்றுவதா, தேற்றுவதா என்பதுதான் வீட்டில் பேச்சு. நியாயமாக நான் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க அதுதான் என் பிழைப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிறவன் நான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன், குனிந்து அடியில் பார்ப்பேன், சாவியைப் போட்டு எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்ப்பேன். பழுது பார்க்கலாம், அல்லது கழித்துக் கட்டலாம். இரண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன். பக்கத்தில் வண்டிக்காரன் நின்று அழுதாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கை தயங்கும், மதிப்புப் பிசகும். அப்படிப்பட்டவனால் மேஜைக்கு அடியில் கிடக்கும் ஒரு தகரப் பெட்டியைப் பற்றி முடிவெடுக்க முடியவில்லை.

பெட்டி ஒரு பொருட்டே இல்லை. திரையின் விளிம்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்த கேமராதான் பிரச்சினை.

என் மனைவிக்குப் புற்றுநோய். போன வருஷக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்த சில வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. எங்களுக்கு ஒரே மகன், வெளிநாட்டில் இருக்கிறான். மருமகள் உண்டாகியிருக்கிறாள். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தன் நோயைப் பற்றி மகனிடம் மூச்சு விடக்கூடாது என்று இவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அவன் அங்க பார்ப்பானா, இங்க பார்ப்பானா? தன்னைப் பாதிப் பாதியா அறுத்துக்கவா முடியும்? குழந்தை நல்லபடியாப் பிறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

எங்கள் குடும்பமே அப்படித்தான். கெட்ட செய்தியைச் சூடாகப் பரிமாறும் வழக்கம் எங்களிடம் கிடையாது. நன்றாக ஆறவைத்துத்தான் கொடுப்போம். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்ததைத் தையல் பிரித்த பிறகு அவனுக்குச் சொன்னோம். அவன் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதை, மாவுக்கட்டைப் பிரித்து நடக்கத் தொடங்கிய பிறகு எங்களுக்குச் சொன்னான். "அதான் சரியாயிடுச்சே, இப்ப எதுக்குப் பதறுறீங்க" என்பது ஒவ்வொரு முறையும் வரும் வசனம். யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் இருவரிடமும் இருப்பது பொத்தான் வைத்த ஃபோன். மகன் முகத்தைப் பார்ப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில்தான். முடி கொட்டிய வாரம், வரப்போகும் ஞாயிறை நினைத்து மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். தலையில் துணி கட்டினால் ஏன் என்பான். அம்மா வரவில்லை என்றால் எங்கே என்பான். என்ன சப்பைக்கட்டு கட்டுவது என்று தெரியாமலேயே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். இவள் உள்ளறையிலேயே இருப்பதாக ஏற்பாடு. மகன் முகம் திரையில் வந்தது. வந்த அதே நொடியில் இவள், லைன் இன்னும் கிடைக்கவில்லை என்று நினைத்து, வெறுந்தலையோடு எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

நான் கேமராவைப் பார்த்தேன். பேசும்போது அதன் நெற்றியில் பச்சையாக ஒரு சின்ன விளக்கு எரியும். எரியவில்லை. திரையின் மூலையில் எங்கள் முகம் தெரியும் கட்டத்தையும் காணவில்லை. விளக்கு எரியாவிட்டால் செத்தது என்று எழுது, மேலே போ. தொழிலில் நான் கற்ற பாடம் அது.

"டேய், கேமரா போயிடுச்சுடா. நாங்க உனக்குத் தெரியிறோமா?" என்றேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. லைன் இழுக்கிறது என்று நினைத்தேன். பிறகு, "இல்லப்பா, கருப்பாத்தான் இருக்கு. குரல் மட்டும் கேக்குது" என்றான்.

என் தோளைப் பிடித்திருந்த இவளுடைய கை தளர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையின் அந்த ஒரு மணி நேரம் இவளுடையது ஆகிவிட்டது. மற்ற நாட்களில் வீட்டுக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு தலையைப் பார்ப்பார்கள். துணி கட்டினால் இவளுக்கு அரிக்கும், கட்டாவிட்டால் அவர்களுக்குக் கண் அரிக்கும். "பாதி போய்ச் சேர்ந்தவளைப் பார்க்கிற மாதிரியே பார்க்கிறாங்க" என்பாள். இவளுடைய தங்கை இருக்கிறாளே, அவள் வந்தாலே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுவாள். மகன் ஒருவன்தான் பழைய அம்மாவோடு பேசினான். இவளும் பழைய அம்மாவாகவே பேசினாள். துணியை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "இப்பதான் தலைக்குக் குளிச்சுட்டு வந்தேன்டா, முடி காயவே மாட்டேங்குது" என்று கூசாமல் புளுகுவாள். அவன், "நல்லாத் துவட்டும்மா, சளி பிடிச்சுக்கும்" என்பான். இவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். வாரத்தில் இவள் சிரிப்பது அப்போதுதான்.

நான் சிரித்தேனா என்று கேட்காதீர்கள். எனக்கு அந்த நாட்களில் எதுவுமே உறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், வாந்தி எடுத்த வாளியைக் கழுவினேன், விரிப்பை மாற்றினேன். கை தன்பாட்டுக்குச் செய்தது. உள்ளே மட்டும் மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவனின் உதடு மாதிரி, தொட்டுப் பார்த்தால்தான் இருக்கிறது என்று தெரியும். இவளோடு பேசும்போது மாத்திரை டப்பாவைப் பார்த்துப் பேசுவேன், இல்லையென்றால் ஜன்னலைப் பார்த்து. 'ம்' என்பேன். எதற்கு 'ம்' போட்டேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இந்த லட்சணத்தில்தான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பேச்சின் நடுவில் மகனின் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பட்டென்று எல்லாமே அணைந்துவிடும். மறுபடி ஏற்றுவதற்குள் இவளுக்கு உட்கார முடியாமல் போய்விடும். மகன் பிடித்துக்கொண்டான்.

"தூக்கிப் போடுங்கப்பா அதை. நான் ஒண்ணு வாங்கி அனுப்புறேன். கேமரா உள்ளயே இருக்கும். நான் உங்களைப் பார்க்க வேண்டாமா?"

ஒவ்வொரு வாரமும் இதே பாட்டு. இப்படி உயிரை வாங்குகிற பையன் இல்லை அவன். "அம்மாவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்று வேறு சொல்வான்.

"புதுசு வேண்டவே வேண்டாம்" என்றாள் இவள், அன்றைக்குப் பேசி முடித்ததும். "கேமராவோட வந்து நின்னா என்னத்தைச் சொல்லி மறைக்கிறது? இருக்கிறதையே ஒட்டுப் போட்டு ஓட்டுங்க. குழந்தை பிறக்கிற வரைக்கும் ஓடினாப் போதும்."

"அது ஓடுற நிலைமையில இல்ல."

"நானும்தான் ஓடுற நிலைமையில இல்ல. என்னை ஓட்டலையா நீங்க?"

'ம்' என்றேன்.

மனசு கேட்காமல் ஒருநாள் பெரிய கடைக்கே போய்ப் பார்த்தேன். வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் கருப்பாக ஒரு கண். எல்லாம் என்னையே பார்த்தன. விற்பனைக்கு நின்ற ஆள் ஓடி வந்து, வேகம், எடை, பேட்டரி என்று அடுக்கினார்.

"கேமரா இல்லாததா ஒண்ணு காட்டுங்க" என்றேன்.

"இல்லாததா?" அவர் தன் காதையே சந்தேகித்தார். "அது இல்லாம வர்றதே இல்லையே சார். வேண்டாம்னா மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்."

ஸ்டிக்கர் ஒட்டலாம். 'ஸ்டிக்கரை எடுங்கப்பா' என்று ஒருத்தன் அங்கே உட்கார்ந்து சொல்வானே, அவன் வாயில் எதை ஒட்டுவது? திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில், தெருமுனையில் கடை வைத்திருக்கும் ரிப்பேர்க்காரம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினார். இவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் மருந்து ஏற்றியிருந்தார்கள்.

"உள்ள ஒரு தலையணைக்குப் பஞ்சு இருக்கு சார்" என்றார் மெதுவாக. தூசியைத்தான் சொன்னார். பிரஷ்ஷால் வழித்து வழித்து ஒரு காகிதத்தில் சேர்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை திரண்டது.

"சொல்லுங்க. பிழைக்குமா?"

"ரெண்டு வழி இருக்கு. வேகமான டிஸ்க் ஒண்ணு போட்டு, ரேம் ஏத்தி, காத்தாடியை மாத்தினா கொஞ்ச காலம் தள்ளும். ஆனா மதர்போர்டு பழசு. அது எப்ப மண்டையைப் போடும்னு என்னால சொல்ல முடியாது. இல்லன்னா புதுசு வாங்கிடணும். நான் உங்க இடத்துல இருந்தா புதுசுதான் வாங்குவேன்."

"என் இடத்துல நீங்க இல்லையே" என்றேன். வெடுக்கென்று விழுந்துவிட்டது. அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தினமும் என்னைப்போல் எத்தனை சிடுமூஞ்சிகளைப் பார்க்கிறாரோ.

தன் பையிலிருந்து ஒரு காற்றாடியையும் ரேமையும் எடுத்துத் தற்காலிகமாக மாட்டினார். பொத்தானை அமுக்கினார். மிக்ஸி சத்தம் நின்றுவிட்டது. அறை திடீரென்று காலியானது போலிருந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்தார். கீபோர்டு, ஸ்பீக்கர், மைக். கேமராவுக்குக் கை போனபோது சொன்னேன்.

"அதை விட்டுருங்க. அது செத்துப் பல மாசமாச்சு."

அதற்குள் எதையோ திறந்துவிட்டார். திரையில் ஒரு கிழவன் தெரிந்தான். சவரம் செய்யாத தாடை, பாதி திறந்த வாய். அது நான்தான் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"நீங்க இப்ப ஏதோ சரி பண்ணியிருக்கீங்க."

"நான் தொடவே இல்ல. விளக்கு மட்டும்தான் போயிருக்கு. இந்த மாடல்ல அது சகஜம்." நாங்கள் மகனோடு பேசும் புரோகிராமையும் திறந்து பார்த்தார். "இங்க பாருங்க, உங்க முகம் தெரியிற கட்டத்தை மறைச்சு வச்சிருக்கீங்க. கை தவறிப் பட்டிருக்கும். அதான் உங்களுக்குத் தெரியல. எதிர்ல இருக்கிறவங்களுக்குப் படம் போய்க்கிட்டேதான் இருந்திருக்கும். யாரும் சொல்லலையா?"

"மகன்தான் பேசுவான்" என்றேன். "தெரியலைன்னான்."

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலி முதுகில் கிடந்த தலைத்துணியைப் பார்த்தார். உள்ளறைக் கதவைப் பார்த்தார். அப்புறம் தரையில் சிதறியிருந்த திருகுகளைப் பொறுக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவனுக்குப் பக்கத்தில் இவள் உட்காரும் நாற்காலி தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. இதைவிடத் தெளிவாகப் படம் எடுக்க ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும். முடி காயவே மாட்டேங்குது என்று இவள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சொன்னபோது, நல்லாத் துவட்டும்மா என்றானே, பார்த்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறான். ஒரு ஞாயிறு இவளுக்குக் குளிர் நடுக்கம் எடுத்தது. சத்தம் காட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அங்க குளிரா இருக்கும், சால்வையைப் போத்திக்கோம்மா" என்றான். எவ்வளவு பாசம், சொல்லாமலே தெரிகிறது பார் என்று இவள் பூரித்துப் போனாள். முன்பெல்லாம் கம்ப்யூட்டரைக் கட்டிலுக்கே கொண்டுபோய் மருமகளைக் காட்டுவான், கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. கேட்டால் தூங்குகிறாள் என்பான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்தியே இருக்கும். இவளுடைய கோலம் அவள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று சாத்தியிருக்கிறான். அங்கே ஒருத்திக்கு முன்னால், இங்கே ஒருத்திக்கு முன்னால் என்று இரண்டு பக்கமும் ஒன்றும் நடக்காத முகத்தை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

புதிது வாங்கு என்று ஏன் நச்சரித்தான் என்பதும் அப்போது விளங்கியது. புதுக் கேமரா வந்துவிட்டால், அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்த மாதிரி என்னம்மா ஆச்சு என்று கேட்கலாம். வாய்விட்டு அழலாம். நாங்களாகச் சொல்லவில்லை, அவனாகக் கேட்கவும் மனமில்லை, இதைவிட்டால் வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. எங்கள் பிள்ளைதான், சந்தேகமே வேண்டாம்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சார், என்ன பண்ணட்டும்?" என்றார் ரிப்பேர்க்காரம்மா. "பழசையே தேத்தவா? புதுசா?"

புதிது என்று சொன்னால் பையன் தன் பாரத்தை இறக்கி வைத்துவிடுவான். ஆனால் இவள்? ஒளிக்க ஒரு இடம் இருந்தது, அதுவும் போகும். இத்தனை ஞாயிறும் வெறுந்தலையோடு புளுகியதை எல்லாம் அவன் பார்த்திருக்கிறான் என்று எப்படியும் ஒருநாள் தெரியவரும். அந்தச் சிரிப்பு அத்தனையும் இவளுக்கு அவமானமாகத் திரும்பும். பழசு என்று சொன்னால் இவளுடைய ஒரு மணி நேரம் பிழைக்கும், பையன் தனியாகச் சுமப்பான். ஒரு பக்கத்தைத் தூக்கினால் மறுபக்கம் நசுங்குகிறது. இப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததே இல்லை.

"பழசே இருக்கட்டும்" என்றேன்.

"கேமரா விளக்கு? வேற கேமரா ஒண்ணு என்கிட்ட சும்மாதான் கிடக்கு. மாட்டித் தர்றேன்."

"வேண்டாம். அது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அந்தக் கட்டத்தையும் பழையபடி மறைச்சுடுங்க."

மறைத்துவிட்டார். அந்தச் சமயத்தில் இவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"ஓடும்னு சொல்றாங்க."

"கேமரா?"

"செத்தது செத்ததுதானாம்."

"நல்லதாப் போச்சு" என்றாள் இவள். ரிப்பேர்க்காரம்மா தலையை நிமிர்த்தாமல் கையைத் துடைத்துக்கொண்டார். வாசல் வரை வந்து வழியனுப்பியபோது, "அம்மாவை நல்லாப் பார்த்துக்கங்க சார்" என்றார். அதற்கும் 'ம்' போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் சமர்த்தாக, சத்தமே இல்லாமல் எழுந்தது. மகன் முகம் உறையாமல் வந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். இத்தனை வாரம் அதையும் நான் பார்த்திருக்கவில்லை. வழக்கம்போல் இவள் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். மருமகளுக்கு வாந்தி நின்றதா, கால் வீக்கம் இருக்கிறதா, வீட்டு வேலையை யார் செய்கிறார்கள் என்று ஒரு சுற்று விசாரணை நடந்தது.

"என்னப்பா முடிவு பண்ணீங்க?" என்றான்.

"பழசையே சரி பண்ணியாச்சு."

அவன் முகம் வாடியது. "கேமரா?"

"அது போனது போனதுதான்டா" என்றாள் இவள். "இந்த மூஞ்சியை இன்னும் பார்க்கலையேன்னா ஏங்கற? பொறந்ததுலேருந்து பார்த்ததுதானே."

நான் எழுந்து இவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். எப்போதும் ஓரமாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிறவன், அன்று கேமராவை நேருக்கு நேர் பார்த்தேன். எரியாத விளக்குக்குக் கீழே கருப்பாக ஒரு பொட்டு இருந்தது. ஒரு விரலால் என் கண்ணைக் காட்டினேன். அதே விரலை அவன் பக்கம் நீட்டினேன். நீ பார்ப்பது எனக்குத் தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

அவன் பேச்சை நிறுத்தினான். திரை உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். உறையவில்லை, அவன் இமை அசைந்தது. நான் விரலை உதட்டின்மேல் வைத்தேன். குனிந்து இவள் தலையைக் காட்டினேன். இவளுக்குத் தெரியாது என்றேன், சத்தமில்லாமல்.

அவன் சட்டென்று மேஜைக்குக் கீழே குனிந்துவிட்டான்.

"டேய், எங்க போயிட்ட?"

"சார்ஜர் கழண்டுடுச்சும்மா. மாட்டுறேன்."

வெகுநேரம் மாட்டினான். நிமிர்ந்தபோது மூக்கு சிவந்திருந்தது. உறிஞ்சினான்.

"பார்த்தியா, சளி உனக்குத்தான் பிடிச்சிருக்கு" என்றாள் இவள். "நீ எனக்குத் துவட்டச் சொல்ற."

மறுநாள் காலை என் ஃபோன் அடித்தது. அவன்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். அவன், 'அப்பா' என்றான். நான் 'ம்' என்றேன். மாடி வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அவர் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன வாரம். ரிப்பேருக்கு வந்தவங்க சொன்னாங்க."

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. அந்த ஒரு மணி நேரம் அம்மா நல்லா இருக்கு."

"தெரியும். உன் வீட்டுல?"

"சொல்லல. அவளுக்கு இன்னும் நாள் இருக்கு."

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பான், கத்துவான், அழுவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவன் கத்தவில்லை. இவ்வளவு நாளும் கேட்க முடியாமல் வைத்திருந்ததைக் கேட்டான்.

"அம்மாவுக்கு வலது காதுக்குப் பின்னாடி சிவந்திருக்கே, அதுக்கு டாக்டர் என்ன சொன்னார்?"

"எங்க?"

"காதுக்குப் பின்னாடிப்பா, கழுத்து ஆரம்பிக்கிற இடத்துல. உங்களைக் கூப்பிடத் திரும்புறப்பல்லாம் தெரியும். முதல்ல சின்னதா இருந்துச்சு. வாரா வாரம் பெருசாகுது. நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, காட்டியிருப்பீங்கன்னுதான்..." அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நான் பார்க்கவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, ஓட்டைக் கம்ப்யூட்டர் வழியாக, வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதே தலைக்கு எத்தனை தடவை தலையணை மாற்றி வைத்திருக்கிறேன்.

"இன்னைக்கே காட்டுறேன்" என்றேன்.

உள்ளே வந்தேன். இவள் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் திரும்பு."

"எதுக்கு?"

"திரும்பேன், சொல்றேன்."

ஜன்னல் பக்கமாகத் திருப்பி, தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தேன். முடிச்சு இருந்த இடத்திலேயே அந்தப் புண் இருந்தது. சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக, ஓரம் தடித்து, நடுவில் நீர் கோத்து, சுற்றிலும் சிவப்பு கழுத்து வரை இறங்கியிருந்தது. விரலை வைத்தேன். சுட்டது. இவள் தோளைச் சுருக்கிக்கொண்டாள்.

"எரியுதுன்னு சொன்னேனே உங்ககிட்ட. துணி உரசி உரசிப் புண்ணாகுதுன்னு. ரெண்டு மூணு தடவை சொன்னேன். நீங்களும் 'ம்'ன்னீங்க."

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. இவள் சொன்னதும் சரி, நான் 'ம்' என்றதும் சரி.

"போகட்டும், இப்பவாவது கண்ணுல பட்டுச்சே" என்றாள். "நீங்க என் பக்கம் பார்க்கிறதையே விட்டுட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு வலித்தது. நெஞ்சுக்குள் எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியும்போல வலித்தது. நான் பார்க்கவில்லை, பார்த்தவன் அவன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இவள் முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை.

"செருப்பைப் போட்டுக்க" என்றேன். "டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்."